தீவில் வாழ்ந்த சமையல்கார அம்மா – மேரி மாலன் (1869 – 1938)



நம்ம சுவர் இதழில் வாழ்க்கை வரலாறு பகுதி என்றாலே தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் பற்றித்தான் எழுதுவோம். இந்த முறை நான் எழுதப் போவது ஒரு சமையல்கார அம்மாவைப் பற்றி. அவருக்குப் பட்டம் இல்லை, பரிசு இல்லை, சிலையும் இல்லை. ஆனாலும் உலகம் முழுவதும் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு தொற்றுநோய் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள் அல்லவா, அதற்குத் தொடர்புத் தடமறிதல் என்று பெயர். 2020-ல் கொரோனா வந்தபோது நாம் எல்லோரும் கேள்விப்பட்டது. அந்த முறையில் சிக்கியவர்தான் இந்த மேரி மாலன். அவர் நல்லவரா கெட்டவரா என்று கடைசியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிறப்பும் இளமையும்

மேரி மாலன் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி அயர்லாந்து நாட்டில் குக்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். அது ஏழைகள் நிறைந்த பகுதி. அந்தக் காலத்தில் அயர்லாந்தில் பிழைக்க வழியில்லாமல் லட்சக்கணக்கான பேர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்கள். மேரியும் அப்படித்தான் போனார். அப்போது அவருக்கு ஏறக்குறைய நம்ம வயசு. பதினாலு பதினைந்து வயசுதான்! கூடப் பெற்றோர் இல்லை. நியூயார்க் நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

முதலில் மேல் வேலை, துணி துவைக்கிற வேலை எல்லாம் செய்தார். பிறகு சமையல் கற்றுக்கொண்டார். கைப்பக்குவம் நன்றாக இருந்ததால் பணக்கார வீடுகளில் சமையல்காரராகச் சேர்ந்தார். வீட்டு வேலை செய்கிறவர்களிலேயே சமையல்காரருக்குத்தான் சம்பளமும் அதிகம், மரியாதையும் அதிகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் கையை நம்பி வாழ்ந்தார்.  இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்றால் பின்னால் அந்த ஒரே பிழைப்பைத்தான் அவரிடமிருந்து பறிக்கப் போகிறார்கள்.

டைபாய்டு என்னும் கொடிய நோய்

அந்தக் காலத்தில் நியூயார்க்கில் டைபாய்டு காய்ச்சல் ஒவ்வொரு வருஷமும் வரும். ஆயிரக்கணக்கான பேர் படுப்பார்கள், நூற்றுக்கணக்கான பேர் இறப்பார்கள். வாரக்கணக்கில் காய்ச்சல் விடாது, வயிற்று வலி, உடம்பு துரும்பாகி விடும். அதைக் குணமாக்க மருந்தே கிடையாது. டைபாய்டுக்கு முதல் நல்ல மருந்து 1948-ல்தான் வந்தது. அதுவரை பத்துப் பேருக்கு வந்தால் ஒருவர் இறந்து போவார் என்பதுதான் நிலைமை.

இந்த நோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. நோயாளியின் மலத்தில் அந்தக் கிருமி வெளியே வரும். அது குடிதண்ணீரிலோ சாப்பாட்டிலோ கலந்து அடுத்தவர் வாய்க்குள் போனால் அவருக்கும் நோய் வரும். கிருமி உள்ளே போனதும் உடனே காய்ச்சல் வராது. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் வரும். அதனால் எங்கே தொற்றியது என்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்?

ஓய்ஸ்டர் பே வீட்டில் நடந்தது

1906-ஆம் ஆண்டு கோடைக்காலம். நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்ட் என்ற தீவில் ஓய்ஸ்டர் பே என்ற ஊர். பணக்காரர்கள் வெயில் காலத்தில் வந்து தங்குகிற அழகான இடம். சார்லஸ் ஹென்றி வாரன் என்ற வங்கி அதிபர் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். வேலைக்காரர்களையும் சேர்த்து அந்த வீட்டில் 11 பேர்.

ஆகஸ்ட் 27-ஆம் தேதி வாரனின் மகள் காய்ச்சலில் படுத்தாள். அடுத்து அவருடைய மனைவி, இன்னொரு மகள், இரண்டு வேலைக்காரப் பெண்கள், தோட்டக்காரர் என்று வரிசையாகப் படுத்தார்கள். 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு! அந்த ஊரில் வேறு எந்த வீட்டிலும் நோய் இல்லை. இந்த ஒரு வீட்டில் மட்டும் எப்படி வந்தது?

வீட்டின் சொந்தக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. டைபாய்டு வீடு என்று பெயர் வந்தால் அப்புறம் யார் வாடகைக்கு வருவார்கள்? அதனால் ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை வரவழைத்தார். இவர் டாக்டர் இல்லை. ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்று துப்பறிவதில் கெட்டிக்காரர்.

சோப்பர் எப்படித் துப்பறிந்தார்?

சோப்பர் முதலில் வீட்டையே அலசினார். கிணற்றுத் தண்ணீர், தொட்டி, கக்கூஸ் எல்லாவற்றையும் பரிசோதித்தார். சுத்தமாக இருந்தது. பால் எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். அந்தப் பாலையே குடித்த மற்ற வீடுகளில் யாருக்கும் நோய் இல்லை. கடற்கரையில் ஒரு பாட்டியிடம் சிப்பி வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அதையும் விசாரித்தார். அதே சிப்பியை ஊரே சாப்பிட்டது, ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். நாம் கணக்கில் தப்பான விடைகளை அடித்துக்கொண்டு வருவோமே, அது போல.

கடைசியில் பொருளை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றிக் கேட்டார். காய்ச்சல் வருவதற்கு முன்னால் இந்த வீட்டில் என்ன மாற்றம் நடந்தது? புதுசாக யார் வந்தார்கள்? அப்போதுதான் பதில் கிடைத்தது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி பழைய சமையல்காரர் போய், புதிய சமையல்காரர் வந்திருக்கிறார். முதல் காய்ச்சல் ஆகஸ்ட் 27. நடுவில் 23 நாள். டைபாய்டு கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது! அந்தச் சமையல்காரர் இப்போது எங்கே என்று கேட்டால், நோய் வந்து மூன்று வாரத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

நன்றாகச் சமைத்த சாப்பாட்டில் சூட்டினாலேயே கிருமி செத்துவிடுமே, அப்புறம் சமையல்காரர் மூலம் எப்படி வரும் என்று சோப்பருக்குச் சந்தேகம். விசாரித்ததில் அந்த அம்மா செய்கிற ஐஸ்கிரீம் அந்த வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும் என்று தெரிந்தது. பீச் பழத்தைப் பச்சையாக வெட்டிப் போட்டுச் செய்கிற ஐஸ்கிரீம். அதை யாரும் அடுப்பில் வைப்பதில்லை. கையில் கிருமி இருந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

அடுத்து சோப்பர் வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்குப் போய், அந்த அம்மா இதற்கு முன் எந்தெந்த வீட்டில் சமைத்தார் என்று தேடினார். மாசக்கணக்கில் அலைந்தார். 8 குடும்பங்களைக் கண்டுபிடித்தார். அதில் 7 குடும்பங்களில் டைபாய்டு வந்திருந்தது! மொத்தம் 22 பேர் படுத்திருந்தார்கள். அந்த வீடுகளில் நோய்க்கு வேறு ஏதாவது காரணம் சொல்லி விட்டுவிட்டார்கள். சமையலறைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தனித்தனி வீடாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால்தான் மேரி மாலன் என்ற ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

இதில் ஒரு விஷயம் என் மனதைத் தொட்டது. 1902-ல் மெய்ன் மாநிலத்தில் டார்க் ஹார்பர் என்ற இடத்தில் மேரி வேலை பார்த்த வீட்டில் 9 பேரில் 7 பேர் டைபாய்டில் விழுந்தார்கள். மேரி ஓடிப் போகவில்லை. கூடவே இருந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தார். அந்த வீட்டு ஐயா மகிழ்ந்து போய் 50 டாலர் கூடுதலாகக் கொடுத்தார். நோய் தன்னிடமிருந்துதான் போனது என்று பாவம் அவருக்கும் தெரியாது, அந்த ஐயாவுக்கும் தெரியாது.

தெரிந்து கொள்வோம்!

மேரிக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நல்ல திடகாத்திரமாக இருந்தார். பிறகு எப்படி நோய் பரவியது? சிலருக்கு டைபாய்டு வந்தது கூடத் தெரியாமல் லேசாக வந்து போய்விடும். ஆனால் கிருமி மட்டும் உடம்பில் பித்தப்பையில் தங்கிவிடும். அங்கே வருஷக்கணக்கில் பெருகி மலத்தோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். அவருக்கு ஒன்றும் செய்யாது, அடுத்தவருக்கு மட்டும் நோய் தரும். இவர்களைக் கிருமி சுமப்பவர்கள் என்று சொல்லலாம். ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் இதை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். அமெரிக்காவில் இப்படி முதன்முதலில் அடையாளம் காணப்பட்டவர் மேரி மாலன்.

சமையலறையில் சண்டை

1907 மார்ச் மாதம் நியூயார்க்கில் பார்க் அவென்யூ என்ற தெருவில் ஒரு வீட்டில் மேரி வேலை செய்வது சோப்பருக்குத் தெரிய வந்தது. அந்த வீட்டிலும் அதற்குள் டைபாய்டு வந்து, அந்த வீட்டுப் பெண் சாகக் கிடந்தாள். பிறகு இறந்தும் போனாள்.

சோப்பர் நேராகச் சமையலறைக்குப் போனார். உன்னால்தான் எல்லோருக்கும் நோய் வருகிறது, உன் மலம், சிறுநீர், இரத்தம் எல்லாம் பரிசோதனைக்கு வேண்டும் என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு ஆம்பளை திடீரென்று அடுப்படிக்குள் வந்து ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? மேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இறைச்சி வெட்டும்போது குத்திப் பிடிக்கிற பெரிய முள்கரண்டியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். சோப்பர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று தெருவுக்கு ஓடிவிட்டார். இரண்டாவது தடவை ஒரு டாக்டரைக் கூட்டிப் போனார். அப்போதும் திட்டுதான் கிடைத்தது.

அதன் பிறகு நகரச் சுகாதாரத் துறை ஜோசபின் பேக்கர் என்ற பெண் மருத்துவரை அனுப்பியது. இந்த டாக்டரம்மாவின் அப்பாவே டைபாய்டில் இறந்தவர்தான். அவர் பேச்சையும் மேரி கேட்கவில்லை. மறுநாள் போலீசும் ஆம்புலன்சும் வந்தன. மேரி பின்பக்கமாக ஓடி ஒளிந்துகொண்டார். மணிக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஒரு சின்ன அறையின் கதவிடுக்கில் துணி நுனி தெரிந்தது. கதவுக்கு முன்னால் குப்பைத் தொட்டிகளை அடுக்கி வைத்து மற்ற வேலைக்காரர்கள் அவரைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வண்டியில் போட்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை டாக்டரம்மா மேரியின் மேலேயே உட்கார்ந்து வந்தாராம்!

பரிசோதனையில் மேரியின் மலத்தில் டைபாய்டு கிருமி நிறைய இருந்தது. சோப்பரின் கணக்கு சரியாகி விட்டது.

தீவுச் சிறை

நியூயார்க் நகரத்தை ஒட்டி ஓடும் ஈஸ்ட் ரிவரில் நார்த் பிரதர் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு. தொற்றுநோய் வந்தவர்களுக்காக அங்கே ரிவர்சைடு ஆஸ்பத்திரி இருந்தது. மேரியை அங்கே ஒரு சின்ன வீட்டில் தனியாக வைத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் கண்ணுக்குத் தெரியும், போக முடியாது. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கோர்ட்டு, விசாரணை, தண்டனை எதுவும் இல்லை. எப்போது விடுவார்கள் என்பதும் தெரியாது.

பித்தப்பையை எடுத்துவிட்டால் சரியாகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றாலே உயிருக்கு ஆபத்து. மேரி மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தனக்கு நோய் வந்ததே இல்லை, தான் நோய் பரப்புகிறவள் இல்லை என்றே கடைசிவரை நம்பினார். ஆஸ்பத்திரியில் எடுத்த 163 பரிசோதனையில் 120-ல் கிருமி இருந்தது, மீதியில் இல்லை. கிருமி எல்லா நாளும் வெளியே வராது. மேரி தன் செலவில் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பியபோது கிருமி இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் அவர் எதை நம்புவார்?

1909-ல் ஒரு செய்தித்தாள் அவர் பெயரைப் போட்டு எழுதியது. சமையல் சட்டியில் மண்டை ஓடுகளை உடைத்துப் போடுவது போல அவரைப் படமும் வரைந்தார்கள். டைபாய்டு மேரி என்ற பட்டப்பெயர் ஊரெல்லாம் பரவியது. அதே வருஷம் அவர் வழக்கறிஞர் வைத்து நீதிமன்றத்துக்குப் போனார். வெளியே விட்டால் மக்களுக்கு ஆபத்து என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

விடுதலையும் மறுபடி சிறையும்

1910 பிப்ரவரியில் புதிய சுகாதார அதிகாரி வந்தார். இனிமேல் சமையல் வேலை செய்ய மாட்டேன், சுத்தமாக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு மேரியை விடுதலை செய்தார். அவருக்கு ஒரு சலவைக் கடையில் வேலையும் ஏற்பாடு செய்தார். சமையல் வேலையில் கிடைத்த சம்பளம் இதில் கிடைக்கவில்லை. வேறு தொழிலும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வயசும் நாற்பது ஆகிவிட்டது. கொஞ்ச காலம் கழித்து மேரி காணாமல் போய்விட்டார். அவர் எங்கே போனார் என்று அதிகாரிகளுக்கும் தெரியவில்லை.

1915-ல் நியூயார்க்கில் ஸ்லோன் மகப்பேறு மருத்துவமனையில் திடீரென்று 25 பேருக்கு டைபாய்டு வந்தது. அதில் 2 பேர் இறந்தார்கள். சமையலறையில் மேரி பிரவுன் என்று ஒரு அம்மா வேலை செய்தார். கூட வேலை பார்த்தவர்கள் விளையாட்டாக அவரை டைபாய்டு மேரி என்று கிண்டல் செய்வார்களாம். சோப்பர் வந்து கையெழுத்தைப் பார்த்தார். பெயரை மாற்றிக்கொண்ட மேரி மாலன்தான் அவர்!

முதல் தடவை மேரிக்காகப் பரிதாபப்பட்டவர்கள் கூட இந்தத் தடவை பரிதாபப்படவில்லை. தெரியாமல் செய்தால் சரி, தெரிந்தே பிரசவ ஆஸ்பத்திரியில் சமைக்கலாமா? அங்கே இருந்தது தாய்மாரும் பச்சைக் குழந்தைகளும் அல்லவா! எனக்கும் இந்த இடத்தைப் படிக்கும்போது மேரி மேல் கோபம்தான் வந்தது.

மார்ச் மாதம் அவரை மறுபடி அதே தீவுக்குக் கொண்டு போனார்கள். அப்போது வயது 45. அதற்குப் பிறகு அவர் விடுதலை ஆகவே இல்லை. 23 வருஷம் அங்கேயே இருந்தார். காலம் போகப் போகக் கோபம் தணிந்தது. தீவில் இருந்த ஆய்வகத்தில் பாட்டில் கழுவுவது, டாக்டர்களுக்கு உதவி செய்வது என்று வேலை பார்த்தார். எந்த ஆய்வகத்துக்குப் பயந்து ஓடினாரோ அங்கேயே வேலை! இடையில் பகலில் ஊருக்குப் போய்வர அனுமதி கொடுத்தார்கள். போனால் சொன்னபடி திரும்பி வந்துவிடுவார்.

1932 டிசம்பரில் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். 1938 நவம்பர் 11-ஆம் தேதி தமது 69-ஆம் வயதில் காலமானார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் 9 பேர் மட்டுமே. முதலில் 3 வருஷம், பிறகு 23 வருஷம், ஆக 26 வருஷம் அந்தத் தீவில் கழிந்தது. 1963-ல் ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். இன்று அந்தத் தீவில் மனிதர் யாரும் குடியில்லை. பாழடைந்த கட்டடங்களுக்கு நடுவில் பறவைகள் கூடு கட்டி வாழ்கின்றன.

மேரி மட்டும்தானா?

மேரி மூலமாக ஏறக்குறைய 50 பேருக்கு நோய் வந்தது, 3 பேர் இறந்தார்கள் என்று கணக்கு. பெயர் மாற்றி வேலை செய்த வீடுகள் எத்தனையோ, அது சேராது. ஆனால் இதையும் கேளுங்கள். மேரிக்குப் பிறகு நியூயார்க்கில் நூற்றுக்கணக்கான கிருமி சுமப்பவர்களைக் கண்டுபிடித்தார்கள். டோனி லபெல்லா என்பவர் மூலம் 122 பேருக்கு டைபாய்டு வந்து 5 பேர் இறந்தார்கள். அவரை வாழ்நாள் முழுவதும் அடைக்கவில்லை. அல்போன்ஸ் கோடில்ஸ் என்ற உணவகக்காரர் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்ற உத்தரவை மீறி மாட்டிக்கொண்டார். இனி கடையைத் தொலைபேசி மூலம் நடத்துகிறேன் என்று சொன்னதும் நீதிபதி விட்டுவிட்டார். பெரும்பாலான மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே வாழ்ந்தார்கள், அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டார்கள். மேரிக்கு மட்டும் ஏன் தீவு? முதலில் மாட்டியவர் என்பதாலா, சண்டை போட்டவர் என்பதாலா, பிழைக்க வந்த ஏழைப் பெண், கேட்க ஆளில்லை என்பதாலா? எல்லாமும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது

சோப்பர் செய்தது பெரிய வேலை. அவர் தேடவில்லை என்றால் இன்னும் பல வீடுகளில் சாவு விழுந்திருக்கும். யாருக்கு நோய், அவர் யாரோடு இருந்தார், எந்தத் தேதியில், என்ன சாப்பிட்டார் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவதுதான் தடமறிதல். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததும் இப்படித் தேடித்தான். நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ள எல்லோரையும் தேடித் தேடித் தடுப்பூசி போட்டார்கள். இந்தியாவில் 1975-ல் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இன்றும் ஒருவருக்குக் காசநோய் வந்தால் அவர் வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிக்கிறார்கள்.

ஆனால் மேரியின் வாழ்க்கையைப் பார்த்தால் தடமறிதலில் இரண்டு பாதி இருக்கிறது என்று தெரிகிறது. கண்டுபிடிப்பது முதல் பாதி. கண்டுபிடித்த ஆளை எப்படி நடத்துகிறோம் என்பது இரண்டாவது பாதி. சோப்பர் முதல் பாதியில் நூற்றுக்கு நூறு வாங்கினார். இரண்டாவது பாதியில் எல்லோரும் சேர்ந்து ஃபெயில். மேரிக்குப் புரியும்படி பொறுமையாக யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சமையலை விடு என்றார்கள், அதற்கு ஈடாக ஒரு நல்ல தொழில் கற்றுக் கொடுக்கவில்லை. பத்திரிகையில் பெயர் போட்டு அவமானப்படுத்தினார்கள். விளைவு என்ன? அவர் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்தார். ஒளிந்த இடத்தில் 25 பேர் படுத்தார்கள், 2 பேர் செத்தார்கள். அவமானப்படுத்தினால் மனுஷங்க ஒளிவாங்க. மனுஷங்க ஒளிஞ்சா நோயும் அவங்களோட சேர்ந்து ஒளியும். இதுதான் நான் புரிந்துகொண்டது.

கொரோனா காலத்தில் நோய் வந்த வீட்டைத் தகரம் வைத்து அடைத்ததும், அந்த வீட்டுக்காரர்களிடம் ஊரே பேசாமல் இருந்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பயந்தே காய்ச்சலை வெளியே சொல்லாதவர்களும் உண்டு. நோய் வந்தவர் குற்றவாளி இல்லை. தேட வேண்டியது கிருமியை, திட்ட வேண்டியது யாரையும் இல்லை.

அதே சமயம் மேரி பக்கத்திலும் தப்பு உண்டு. நம்மால் அடுத்தவருக்குக் கெடுதல் வரும் என்று பரிசோதனை சொல்லும்போது, நம்ப முடியாவிட்டாலும் கொஞ்சம் அடங்கி நடக்க வேண்டும். நமக்குக் காய்ச்சல் வந்து வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியர் வந்து, எங்கே போனீங்க, யாரைப் பார்த்தீங்க என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுவோம். நாம் சொல்லும் ஒரு பதிலில் பத்து வீடு தப்பிக்கலாம். கக்கூஸ் போய்விட்டு வந்தாலும் சாப்பிடப் போகும் முன்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். இன்று டைபாய்டுக்கு மாத்திரையும் இருக்கிறது, தடுப்பூசியும் இருக்கிறது. ஆனால் கை கழுவுவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

மேரி மாலன் நல்லவரா கெட்டவரா என்று ஆரம்பத்தில் கேட்டேன். உங்கள் பதிலை இதழுக்குக் கீழே மாட்டியிருக்கும் தாளில் எழுதுங்கள். எழுதும்போது டைபாய்டு மேரி என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்காது. மேரி மாலன் என்றே எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி